காணவில்லை என்று சொல்லாத வாயில்

சிபெரோனி என்று நாங்கள் அழைக்கும் பனித்தூறல் எங்கள் மலாவியின் பிளாண்டயர் நகரின்மேல் இறங்கும்போது ஓசை எழுப்புவதில்லை. மொசாம்பிக் எல்லைக்கு அப்பாலுள்ள மலையில் அது பிறக்கும். காலையில் சோலோவின் தேயிலைக் குன்றுகளை மறைக்கும். நண்பகலுக்குள் ண்டிராண்டே மலையின் தலையை எடுத்துக்கொள்ளும். பிறகு எதிர்வீட்டுக் கூரையை. மழையெனின் பெய்து ஓயும். வெயிலெனின் காய்ந்து தணியும். இதுவோ பெய்வதும் இல்லை, ஓய்வதும் இல்லை. நனைந்த கம்பளியைப்போல் ஊரைப் போர்த்திக்கொண்டு நாள்தோறும் கிடக்கும். அந்நாட்களில் ஆடவர் குரல் தாழ்த்திப் பேசுவர். பெண்டிர் குழந்தைகளைச் சிட்டென்ஜேத் துணியில் இருமடியாகச் சுற்றி முதுகில் கட்டுவர். தேவாலயத்தில் பாட்டின் முதலடி வாயிலிருந்து புகையாக எழும். எனக்கு அப்பருவம் பிடிக்கும். இறைவன் தன் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் பருவம் அது என்று நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் விசாரணைக்கு வந்து கேட்டது பருவத்தைப் பற்றியன்று என்பதை அறிவேன், அமாயி; உங்களைத் தாயே என்றே அழைக்கிறேன். சோலோவின் முக்கூயு நலநிலையத்துக்கு ஆக்சிஜன் ஏன் போய்ச் சேரவில்லை என்று கேட்டீர்கள். அதற்குப் பருவமும் ஒரு காரணம். மற்றக் காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் லமெக் மகாவா. தென்மண்டல நலவாழ்வு அலுவலகத்தின் சர்வர்களைப் பேணுகிறேன். எங்கள் சபையின் மூப்பர்களில் ஒருவன். பாடகர் குழுவில் கீழ்க்குரல். பழைய துதிப்பாடல்களைத் திருத்தி எழுதிக் கொடுப்பதும் உண்டு. ஓரடியில் ஓரசை மிகுந்தாலும் என் செவி பொறுக்காது.

தொலைபேசி நிறுவனம் ஒன்று எங்களுக்குப் பெருந்தன்மையோடு ஒரு சலுகை தந்திருந்தது. எங்கள் அலுவலகத்தின் ஒரே ஓர் இணையப்பெயருக்கு மட்டும், கைப்பேசியில் காசு இல்லாதவரும் கட்டணமின்றி வந்து போகலாம். குன்றுகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் பணிபுரியும் செவிலியர் கைப்பேசியில் காசு இருப்பது அரிது. ஆகவே மருந்திருப்பு, தடுப்பூசி, விடுப்பு, ஆக்சிஜன் என்று எத்தனை செயலிகள் வந்தாலும், அத்தனையும் அந்த ஒரு பெயரின்கீழ்க் குடியேற வேண்டியிருந்தது. ஒரு மதில், ஒரு வாயில், உள்ளே பல வீடுகள் என்று கொள்ளுங்கள்.

அவ்வாயிலைக் காப்பது என் பணி. ரிவர்ஸ் பிராக்ஸி என்பது அதன் தொழிற்பெயர். நான் வாயில் என்றே சொல்வேன். வருகிறவர் எங்கள் பெயரைச் சொல்லி, ஒரு சாய்கோடிட்டு, எந்த வீடு என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்வார். வாயில் அந்த வீட்டுச்சொல்லைக் கழற்றி வைத்துக்கொண்டு, மீதிப் பாதையை மட்டும் உள்ளே அனுப்பும். இதில் ஒரு நுட்பம் உண்டு. தான் எந்தச் சொல்லின்கீழ்க் குடியிருக்கிறோம் என்பது உள்ளே இருக்கும் செயலிக்குத் தெரியாது. கழற்றிய சொல்லை வாயில் அதன் காதில் ஓத வேண்டும். ஓதாவிட்டால், மதிலுக்குள் அனைத்தும் தனதே என்று அது எண்ணிக்கொள்ளும். வந்தவரை அடுத்த பக்கத்துக்கு அனுப்பும்போது வீட்டுச்சொல்லை விட்டுவிட்டு முகவரி சொல்லும். அவர் அந்த முகவரியோடு மீண்டும் வாயிலுக்கு வருவார். அப்படி ஒரு வீடு இங்கே இல்லை என்று வாயில் திருப்பிவிடும்.

ஆக்சிஜன் செயலிக்கு நேர்ந்தது அதுவே. விண்ணப்பப் பக்கம் ஒழுங்காகத் திறந்தது. செவிலி நோயாளியின் வயதையும் மூச்சின் நிலையையும் நிரப்பி, ‘அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்தியதும், ‘பக்கம் காணவில்லை’ என்று ஒரு வெள்ளைத்தாள் வந்து நின்றது. செயலியில் குறை இல்லை. அதன் காதில் ஓத வேண்டிய ஒரு வரியை நான் வாயிலில் எழுதாமல் விட்டிருந்தேன். அதை எழுத ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரம்கூட ஆகாது.

இதை எனக்கு முதலில் சொன்னவள் வெஸி. அந்தச் செயலியை எழுதியவள் அவளே. வடக்கே ம்சிம்பாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து பணியாற்றியவள். கையில் ஒரு தாளில் எண்ணெயில் பொரித்த மண்டாசிப் பணியாரம் வைத்துத் தின்றுகொண்டே என் மேசையருகில் வந்து நின்றாள். அண்ணன் என்ற பொருளில் என்னை அச்சிம்வெனே என்பாள்.

“அச்சிம்வெனே, என் ஆப் எந்த வீட்ல குடியிருக்குன்னு உங்க கேட் அதுகிட்ட சொல்லவே இல்ல. ஒரே ஒரு வரி. போட்டுவிடுங்க.”

“தன் முகவரியைத் தானே தெரிஞ்சு வச்சிருக்க வேண்டாமா உன் ஆப்?” என்றேன்.

“பொறந்த புள்ளைக்கு அதோட வீட்டுப் பேரை யாராச்சும் சொல்லித்தானே தரணும்? அதுவா பொறக்கும்போதே மனப்பாடம் பண்ணிட்டு வருமா?” எண்ணெய் படிந்த விரலைத் தாளில் துடைத்துக்கொண்டாள். “ஞாயித்துக்கிழமை அவ்ளோ நல்லாப் பாடுறீங்க. திங்கக்கிழமை கேட்டுக்கும் ஒரு வரி பாடிக் குடுத்தா குரல் தேஞ்சா போயிரும்?”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள்மேல் எனக்கு வன்மம் இருந்ததில்லை. அன்று கூட்டத்தில் இயக்குநர் கலுவா குறை எங்கே என்று கேட்டபோது, செயலியில் இருக்கிறது என்று சொன்னேன். அவ்வளவே. கேட்கப்பட்டது, சொன்னேன். ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. அதை அவர் புதுப்பிக்கவில்லை. வெஸி ஊர் திரும்பினாள். அவள் தாய் அங்கே தனியாக இருந்தாள். மகள் உடன் இருப்பது தாய்க்கு நன்று.

அதன்பின் அந்த ஒரு வரியை எழுதுவது எளிதாக இல்லை. எழுதிய மறுகணமே பொத்தான் வேலை செய்யும். அப்படியானால் குறை செயலியில் இல்லையே என்று ஒருவராவது கேட்பார். சபையில் மூப்பன் ஒருவன் சொன்ன சொல்லை நாலுபேர் நடுவே திரும்ப எடுத்துக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மூப்பனோடு அது நிற்பதில்லை, சபையே சிறுத்துப்போகும். என் கைகள் கட்டப்பட்டிருந்தன.

அப்போது இன்னொரு கட்டளையும் வந்தது. அதுவரை செவிலியர் தொலைபேசியில் கூப்பிட்டே ஆக்சிஜன் கேட்டுவந்தார்கள். நிதி தருவோருக்கு ஒவ்வொரு வேண்டுகோளும் செயலி வழியே வர வேண்டும். ஆகவே தொலைபேசி வழியை இயக்குநர் நிறுத்திவிட்டார். நிதி தருவோர் நேரில் பார்க்க வருவதாகவும் இருந்தது. என்னைத் தம் அறைக்கு அழைத்தார்.

“மகாவா, அந்தக் ‘காணவில்லை’ங்கிற பக்கம் இனிமே யார் கண்ணுலயும் படக் கூடாது.”

“சரி, ப்வானா.”

“யாரு என்னத்தத் தட்டினாலும் மரியாதையா ஒரு பதில் வரணும். நம்ம வீட்டுக்கு விருந்தாளி வந்தா ‘ஆள் இல்ல, போ’ன்னா சொல்லுவோம்? ன்சிமாக் களி கிண்ட மாவே இல்லன்னாலும் பாய் விரிச்சு உக்கார வச்சுத் தண்ணியாச்சும் குடுப்போம்ல?”

“குடுப்போம், ப்வானா.”

“அதேதான். உன் கேட்டும் மலாவிக்காரன் மாதிரி நடந்துக்கட்டும்.”

அவர் சொன்னதில் பிழை காண முடியவில்லை. வந்தவரை வெறுங்கையோடு திருப்புவது எங்கள் மரபன்று. நான் வாயிலுக்கு ஒரு விதி எழுதினேன்: எந்த வீட்டுக்கும் உரியதல்லாத பாதையில் யார் வந்தாலும், அவரை மறுக்காதே, இன்சொல் கூறி அனுப்பு. இன்சொல்லை நானே யாத்தேன். ஒரு காலைப்பொழுது முழுதும் அதற்குச் செலவாயிற்று. எங்கள் மொழியில், துதிப்பாடலின் நடையில், அசை பிசகாமல் அமைந்தது: ‘உங்கள் வேண்டுகோள் வந்து சேர்ந்தது. நன்றி. மனம் கலங்காதிருங்கள்.’

ஆக்சிஜன் கேட்டு அழுத்தப்படும் பொத்தான்களும் அந்த உரியதல்லாத பாதையில்தான் வந்துகொண்டிருந்தன. அது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

முறையீடுகள் நின்றுவிட்டன. செவிலியர் மகிழ்ந்தார்கள். ஒருத்தி ஞாயிறன்று ஆலய வாசலில் என் கையைப் பற்றிக்கொண்டு, “இப்பல்லாம் அழுத்தின உடனே பதில் வருது மூப்பரே, அதுவும் எவ்வளவு அழகா” என்றாள். எங்கள் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் ஆக்சிஜன் கிடங்கு. அதன் பொறுப்பாளர் ஃபாஸ்டர் நிரம்பிய உருளைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். “இந்த வருச சிபெரோனி ரொம்ப நல்லது, அச்சிம்வெனே. யாருக்கும் ஒண்ணும் வரல. கடவுள் இரக்கம் காட்டிட்டார்” என்றார் ஒருநாள். ஆமென் என்றேன். நிதி தருவோர் வந்தபோது, குளிர்ப்பருவத்தில் ஆக்சிஜன் தேவை குறைந்திருப்பதை இயக்குநர் திரையில் காட்டினார். அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முக்கூயுவின் செவிலி எனலெஸி எங்கள் சபையைச் சேர்ந்தவள். கைப்பேசியில் காசில்லாததால் மிஸ்டு கால் கொடுப்பாள்; நான் திரும்ப அழைப்பேன். அது எங்களுக்குள் வழக்கம்.

“மூப்பரே, பொத்தானை அழுத்துறேன், வந்து சேர்ந்ததுன்னு சொல்லுது. ஆனா சிலிண்டர் வரல. நேத்து ஒரு பெரியவர் போயிட்டார்.”

“வயசானவரா?”

“வயசானவர்தான். ஆனா அதுக்காக…”

“ரோடு மோசமா இருக்கும், அமாயி.”

“அது சரி. ஆனா இங்க உக்காந்திருக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது? வந்து சேர்ந்ததுன்னு எத்தனை வாட்டி படிச்சுக் காட்டுறது?”

அவள் குரலில் இருந்த சோர்வு என்னை வருத்தியது. நம்பிக்கையிழத்தல் பாவங்களுள் பெரிது என்று எங்கள் முன்னோர் பாடியிருக்கிறார்கள். அன்று பிற்பகல் நான் வாயிலைத் திறந்து உட்கார்ந்தேன். ஓத வேண்டிய அந்த ஒரு வரியும் அதே கோப்பில்தான் எழுதப்பட வேண்டும். என் இன்சொல்லுக்கு மேலே, ஒரு விரற்கடை தொலைவில். நான் கீழே சென்றேன். ‘மனம் கலங்காதிருங்கள்’ என்பதன்முன் இரண்டு சொற்கள் சேர்த்தேன்: ‘உதவி புறப்பட்டுவிட்டது.’ படித்துப் பார்த்தேன். முன்பைவிட நிறைவாக இருந்தது. முன்னது தலைவணங்கல் மட்டும். இப்போது அதில் ஆறுதல் இருந்தது.

தியோங்கே என்ற குழந்தையைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். தாய் டோரிகா, தேயிலை பறிப்பவள். குழந்தைக்கு அப்போதுதான் முன்பற்கள் தெரியத் தொடங்கியிருந்தன என்று பின்னர் அறிந்தேன். அன்று நண்பகல் கடந்த வேளை. தூறல் கண்ணாடியில் வழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. எனலெஸியின் மிஸ்டு கால் வந்தது. திரும்ப அழைத்தேன்.

“மூப்பரே, டோரிகா புள்ளைக்கு மூச்சு இழுக்குது. விலா எலும்பு உள்ள போய்ப் போய் வருது. உதடு நீலமாகுது. அனுப்பிட்டேன், உதவி புறப்பட்டுடுச்சுன்னு வந்திருக்கு. நெசமாவே புறப்பட்டுடுச்சா?”

“திரையில அப்படித்தானே இருக்கு?”

“அப்படித்தான் இருக்கு. ஆனா இங்க எஸ்டேட்டு லாரி வாசல்ல நிக்குது. தேயிலை ஏத்திக்கிட்டு பிளாண்டயருக்குப் போறான். டிரைவர் புள்ளையையும் ஆத்தாளையும் முன்னாடி உக்கார வச்சு பெரிய ஆஸ்பத்திரில இறக்கிடுறேங்கறான். ஹார்னை அமுக்கிக்கிட்டே இருக்கான், கேக்குதா?”

கேட்டது. பின்னணியில் ஒரு பெண் யாரிடமோ மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தையிடமாக இருக்கலாம்.

“அனுப்பவா, வச்சுக்கவா? இவ வழியில போய், அங்க இருந்து சிலிண்டர் இங்க வந்துட்டா? நான் என்ன பண்ணட்டும், மூப்பரே? சொல்லுங்க. நீங்க சொல்றதைச் செய்யறேன்.”

அக்கணம் என் முன்னிருந்தவற்றை நேர்மையாகச் சொல்கிறேன். அந்த லாரி பெரிய மருத்துவமனைக்கு வந்தால், சோலோவிலிருந்து ஒரு குழந்தை ஏன் தேயிலை மூட்டைகளோடு வந்தது என்று கேட்பார்கள். ஆக்சிஜன் கேட்டோம், வரவில்லை என்று டோரிகா சொல்வாள். ஃபாஸ்டரை அழைப்பார்கள். எனக்கு எந்த வேண்டுகோளும் வரவில்லையே என்பார் ஃபாஸ்டர். பிறகு அனைவரும் என் வாயிலுக்கு வருவார்கள். வேறு வழியும் இருந்தது. தெருவைக் கடந்து ஃபாஸ்டரிடம் ஓர் உருளையை உடனே அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஆனால் எதன்பேரில் கேட்பேன்? வெளியே தூறல் இருந்தது, குடையும் கொண்டுவரவில்லை.

“புறப்பட்டுடுச்சுன்னு வந்திருக்குல்ல. அப்ப காத்திருங்க, அமாயி” என்றேன்.

“லாரியை அனுப்பிடவா?”

“அனுப்பிடுங்க. குளிர்ல புள்ளையை வெளிய எடுக்காதீங்க.”

“சரி, மூப்பரே. ஜெபம் பண்ணிக்குங்க.”

“பண்ணிக்கிட்டே இருக்கேன்” என்றேன். அது பொய்யன்று.

மலைச்சாலை வழுக்கும், லாரி கவிழ்ந்திருக்கலாம், வழியிலேயே உயிர் போயிருக்கலாம் என்று பின்னர் பலமுறை எண்ணிப்பார்த்தேன். அவை எண்ணத்தக்க காரணங்களே. ஆனால் பிற்பகல் சாயும் முன்பே, எஸ்டேட்டின் பெயர் எழுதிய பச்சை லாரி என் சாளரத்தின்கீழ் மெல்ல ஊர்ந்து சென்றதை நான் கண்டேன். நகருக்குள் வரும் லாரிகள் எங்கள் தெருவைக் கடந்துதான் செல்ல வேண்டும்; பெரிய மருத்துவமனையின் முகப்பும் இத்தெருவில்தான் இருக்கிறது. ஓட்டுநரின் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. அவ்வேளையில் குழந்தைக்கு இன்னும் மூச்சிருந்தது. எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், எனலெஸியின் மிஸ்டு கால்கள் அப்போதும் வந்துகொண்டிருந்தன. மணி ஓரிருமுறை ஒலித்து அடங்கும். சற்றுநேரம் கழித்து மீண்டும் ஒலித்து அடங்கும். இறந்த குழந்தைக்காக யாரும் அப்படி அழைப்பதில்லை. காசில்லாதவள், நான் திரும்ப அழைத்தால்தான் அவளால் பேச முடியும். கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். சொல்வதற்கு என்னிடம் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. சொல்லத்தக்கதை எல்லாம் வாயிலே சொல்லிவிட்டது. பிறகு அழைப்புகள் நின்றன.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். தேயிலைச் சரிவின் ஓரத்தில் சிவந்த மண்; அதில் தூறல் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று பாடல்களை நான் தொடங்கிவைத்தேன். முடிவில் டோரிகா என்னிடம் வந்து முழங்காலை மடித்து இரு கைகளாலும் என் கையைப் பற்றினாள்.

“எங்களுக்காக நீங்க அலைஞ்சீங்கன்னு செவிலியம்மா சொன்னாங்க, மூப்பரே. உதவி வழியிலதான் இருந்துச்சாம். எம்புள்ளைக்குத்தான் பொறுமை இல்ல.”

நான் அவளைத் திருத்தவில்லை. அந்த எண்ணம் அவளுக்குத் துணையாக இருந்தது. ஒரு தாயிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு என்ன உரிமை?

பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். முக்கூயுவில் நடந்ததை யாரோ சொல்லக் கேட்டு, வெஸி ம்சிம்பாவில் தன் தாய்வீட்டிலிருந்து எங்கள் வாயிலைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். பெயருக்குப் பின் சாய்கோடிட்டு மண்டாசி என்று எழுதினாள். அப்படி ஒரு வீடு எங்களிடம் இல்லை. வாயில் அவளுக்கு மறுமொழி கூறியது: உங்கள் வேண்டுகோள் வந்து சேர்ந்தது. நன்றி. உதவி புறப்பட்டுவிட்டது. மனம் கலங்காதிருங்கள். அவள் அதைப் படமெடுத்து எல்லா நலநிலையங்களுக்கும் அனுப்பினாள். கீழே ஒரு வரியும் எழுதியிருந்தாள்: “மண்டாசி கேட்டேன். புறப்பட்டுடுச்சாம். நீங்க என்ன கேட்டீங்க?” பொழுது சாய்வதற்குள், கேட்டவர்கள் எல்லாரும் தாம் கேட்டதை எழுதத் தொடங்கிவிட்டார்கள். தியோங்கே முதல் குழந்தையும் அல்லள், ஒரே குழந்தையும் அல்லள் என்று நீங்கள் சற்றுமுன் சொன்னீர்கள். இருக்கலாம். நான் எண்ணவில்லை. எண்ணுவது செயலியின் பணி. அதற்குத்தான் எதுவும் போய்ச் சேரவில்லை.

ஆகவே நீங்கள் எழுதிக்கொள்ளலாம். வெஸி மேல் பிழை இல்லை. எனலெஸி நான் சொன்னதைச் செய்தாள். லாரி நின்றது, இருக்கை இருந்தது, நேரமும் இருந்தது. காத்திருக்கச் சொன்னவன் நான். உருளை எதுவும் புறப்படவில்லை என்பது இவ்வுலகில் அப்போது எனக்கு ஒருவனுக்கே தெரியும். தெரிந்தே சொன்னேன்.

வாயிலின் கடவுச்சொல்லை இத்தாளில் எழுதிவைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் அந்த ஒரு வரியை எழுதிவிடட்டும். அந்த விதியையும் நீக்கிவிடுவார்கள், அது முறைதான். ஒரு விண்ணப்பம் மட்டும். அச்சொற்களை முழுதும் அழித்துவிடாமல் எங்கேனும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அசை ஒன்றும் பிசகாதவை. அத்தனை பேர் இறுதிவேளையில் படித்த சொற்கள் அவை. அவர்களை யாரும் ‘இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பவில்லை. அவ்வளவேனும் நான் செய்தேன்.

நீங்கள் எழுவதற்குமுன் சற்று இடம் தாருங்கள், அமாயி. செருப்பைக் கழற்றிவிடுகிறேன். இந்தச் சிமெண்டுத் தரை குளிர்ந்திருக்கிறது. முழந்தாளிட அதுவே தக்கது. ஒவ்வொரு நாளும் இவ்வேளையில் அவர்களை நினைத்துக்கொள்வேன். பெயர் தெரிந்தவரைப் பெயராலும், பெயர் தெரியாதவரை ஊராலும். கைகளைக் கூப்பி, கண்களை மூடி, குரலெடுக்காமல்.

டோரிகாவுக்கு ஆறுதல் உண்டாகுக. எனலெஸியின் கைகள் தளராதிருக்க. குன்றுகளில் கேட்பவர் குரல் எல்லாம் கேட்கப்படுவதாக. நம்பிக் காத்திருக்கும் யாவர்க்கும் நலமே விளைக.